பனியும் களஞ்சியமும்: வைக்கிங்குகள் குளிர்காலத்தில் எப்படிப் போரிட்டார்கள்?

793ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் இருக்கும் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடத்தை, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த கொள்ளையர்களான வைக்கிங்குகள் சூறையாடினார்கள். வைக்கிங் யுகமே அன்றுதான் தொடங்கியது என்று பாடப்புத்தகங்கள் எழுதும். அது எந்த நாள் என்று, அன்றைய இங்கிலாந்தின் நிகழ்வுகளை ஆண்டுவாரியாகப் பதிந்த ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பைப் புரட்டிப் பார்த்தால் ஜனவரி 8 என்று இருக்கிறது. ஆனால் இன்றைய வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. ஜூன் 8 என்றே எழுதுகிறார்கள். வேறொரு பழைய குறிப்பில் ஜூன் என்று இருப்பது ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம் கடல். ஜனவரி மாதத்தில் வடகடலைத் திறந்த படகில் கடந்துவந்து, கொள்ளையடித்துவிட்டு, மறுபடியும் அதே கடலில் திரும்பிப் போவது அந்தக் காலத்து மாலுமிகள் துணியக்கூடிய காரியம் இல்லை. ஏடு எழுதியவர் மாதத்தை மாற்றி எழுதிவிட்டார் என்பதே பொதுவான முடிவு.

பார்க்கச் சின்னக் குழப்பம்தான். ஆனால் வைக்கிங்குகளைப் பற்றி நம் மனத்தில் பதிந்திருக்கும் படத்தை அது கலைத்துப்போட்டுவிடுகிறது. திரையில் வரும் வைக்கிங் தோளில் ஓநாய்த்தோலைப் போர்த்திக்கொண்டு, தாடியில் பனி உறைந்திருக்க, முழங்கால் ஆழப் பனியில் கோடரியோடு பாய்ந்து வருவான். வடக்கே பிறந்தவனுக்குக் குளிர் ஒரு பொருட்டா என்று நாமும் நம்பிவிடுகிறோம். வடக்கே பிறந்தவன் என்பதாலேயே குளிர்காலம் எவ்வளவு கொடியது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். முடிந்தவரை அதோடு மோதாமல் ஒதுங்கினான். எதிரி குளிர்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த தானியத்தையும் இறைச்சியையும் குளிர்காலத்திலேயே போய்ப் பிடித்துக்கொண்டான். அவனுடைய குளிர்காலப் போர்முறையின் மையம் அதுதான்.

முதலில் கடலைப் பார்ப்போம். வைக்கிங் கப்பலுக்கு மேல்தளம் மூடி கிடையாது. மழையும் அலையும் நேராக உள்ளே விழும். துடுப்புப் போடுபவன் தன் சாமான் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து துடுப்புப் போட்டான் என்பார்கள். பாய்மரத்தின் பாய் கம்பளியால் நெய்தது. நனைந்தால் கனம் கூடும். கரையில் தெரியும் மலைமுகடுகளையும் வானத்தையும் பார்த்து வழி கண்டுபிடிக்கிறவர்களுக்குப் பகல் வெளிச்சம்தான் மூலதனம். டிசம்பரில் தெற்கு நார்வேயில் பகல் ஆறு மணி நேரம். வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் அந்த மாதத்தின் பெரும்பகுதி சூரியன் தலைகாட்டுவதே இல்லை. 13ஆம் நூற்றாண்டில் நார்வேயில் ஒரு தந்தை மகனுக்கு அறிவுரை சொல்வதுபோல் எழுதப்பட்ட ‘மன்னரின் கண்ணாடி’ என்ற நூல், அக்டோபர் தொடங்கிய பிறகு கடல் கடக்காதே, ஏப்ரல் வரை பொறு என்கிறது. பல தலைமுறை அனுபவத்தின் சாரம் அது. குளிர்காலம் வந்தால் கப்பல்களைக் கரைக்கு இழுத்துக் கொட்டகையில் ஏற்றிவிடுவார்கள்.

ஆர்க்னி தீவுகளில் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்வேன் ஆஸ்லெய்ஃப்சன் என்பவரின் ஆண்டு அட்டவணையை அத்தீவுகளின் சாகாக் கதை (பழைய நார்ஸ் மொழி உரைநடை வரலாற்றுக் கதை) விவரமாகச் சொல்கிறது. வசந்தத்தில் விதைப்பு வேலை. தானே முன்னின்று விதைக்க வைப்பார். அது முடிந்ததும் ஹெப்ரிடீஸ், அயர்லாந்து பக்கம் கொள்ளைக்குப் புறப்படுவார். கோடை நடுவில் திரும்புவார். கதிர் அறுத்துத் தானியம் உள்ளே போனதும் இரண்டாவது கொள்ளைப் பயணம். குளிர்காலத்தின் முதல் மாதம் கழிந்த பிறகே வீடு வந்து சேர்வார். அதன்பின் கேர்சே தீவில் தன் மாளிகையில் 80 பேருக்குச் சோறு போட்டுக் குளிர்காலம் முழுவதும் உட்காரவைத்துக்கொள்வார். உழவனும் கொள்ளைக்காரனும் ஒரே ஆள். எந்த மாதத்தில் எந்த வேலை என்பதைப் பருவம் முடிவு செய்தது. அவர் காலம் வைக்கிங் யுகத்தின் கடைசி எச்சம்தான். என்றாலும் பழைய வழக்கத்தின் தடம் அதில் தெளிவாகத் தெரிகிறது.

கடல் மூடினாலும் நிலம் மூடவில்லை. ஸ்வீடனின் உள்நாட்டில் கோடைதான் பயணத்துக்குக் கஷ்டமான காலம்: எங்கு பார்த்தாலும் சதுப்பு, ஏரி, காடு. எல்லாம் உறைந்த பிறகு அதே சதுப்பும் ஏரியும் நேரான சாலையாகிவிடும். உப்சாலாவில் பிப்ரவரி வாக்கில் பெரிய சந்தையும் கூட்டமும் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம். பனிச்சறுக்கு வண்டியில் சரக்கை ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். மேலாரன் ஏரியில் இருந்த பிர்கா நகரத்தைத் தோண்டியபோது எலும்பில் செய்த சறுக்குக் கட்டைகள் ஏராளமாகக் கிடைத்தன. குதிரை அல்லது மாட்டின் கால் எலும்பை அடிப்பக்கம் இழைத்துக் காலில் வைத்துக்கொள்வார்கள். இன்றைய சறுக்குக் காலணிபோல் இதற்குக் கூர்விளிம்பு கிடையாது. காலைத் தூக்காமல், இரும்பு முனை வைத்த கம்பை இரு கால்களுக்கும் நடுவே ஊன்றித் தள்ளித் தள்ளிப் போகவேண்டும். இங்கிலாந்தில் யார்க் நகரத்திலும் இவை கிடைத்திருக்கின்றன. பிர்காவில் குதிரையோடு புதைக்கப்பட்டவர்களின் கல்லறைகளில், குதிரைக் குளம்பில் அடிக்கும் இரும்பு ஆணிகளும் சேர்ந்து கிடக்கின்றன. உறைந்த ஏரியின் மேல் குதிரை வழுக்காமல் நடப்பதற்காக அடித்தவை அவை. மறுமையிலும் குளிர்காலம் இருக்கும் என்று எண்ணியிருப்பார்கள் போல.

உறைபனியின் மேல் சண்டை எப்படி நடக்கும் என்பதை ஐஸ்லாந்தின் சாகாக் கதைகள் அருகிலிருந்து காட்டுகின்றன. இவை 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை; சொல்லும் சம்பவங்கள் 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எழுதியவர்களும் கேட்டவர்களும் பனிக்கட்டியின் மேல் நடந்து பழகியவர்கள். நம்பமுடியாத விவரம் சொன்னால் சிரித்திருப்பார்கள்.

நியால் சாகாவில் மார்கார்ஃப்ளோட் ஆற்றங்கரையில் ஒரு தாக்குதல். ஆற்றின் இரு பக்கமும் உறைந்திருக்கிறது, நடுவில் மட்டும் தண்ணீர் ஓடுகிறது. அக்கரையில் திராயின் என்பவனும் அவன் கூட்டமும். இக்கரையில் நியாலின் மகன்கள். ஓடும்போது ஸ்கார்ப்ஹெதினின் காலணி வார் அறுந்துவிடுகிறது; அவன் நின்று கட்டிக்கொள்வதற்குள் சகோதரர்கள் முந்திப் போய்விடுகிறார்கள். கட்டி முடித்ததும் அவன் ஆற்றை நோக்கி நேராக ஓடி, பன்னிரண்டு முழம் அகலமான நீரோட்டத்தைத் தாண்டிக் குதித்து, எதிர்ப்பக்கப் பனிக்கட்டியில் விழாமல் ஊன்றி, கண்ணாடிபோல் வழுவழுப்பான அந்தத் தளத்தில் அப்படியே சறுக்கிக்கொண்டு போகிறான். திராயின் தலைக்கவசத்தைப் போட்டுக்கொள்ளப் போகும் நேரம். கோடரி தலையில் இறங்கித் தாடை வரை பிளக்கிறது. கடைவாய்ப் பற்கள் பனிக்கட்டியில் சிதறுகின்றன. வழியில் ஒருவன் அவன் காலுக்கு முன்னே கேடயத்தை வீசி எறிகிறான். ஸ்கார்ப்ஹெதின் அதைத் தாண்டிக் குதித்து, நிற்காமல் சறுக்கியபடியே போய்விடுகிறான். சறுக்கிக்கொண்டிருப்பவனை யாராலும் திருப்பி வெட்ட முடியவில்லை. மிகைதான், ஆனால் உறைபனிச் சண்டையின் தர்க்கம் இதில் இருக்கிறது: வேகமாக வருபவனுக்கு லாபம், நின்று எதிர்ப்பவனுக்கு ஆபத்து.

எய்ர்பிக்யா சாகாவில் வரும் விக்ராஃபியோர்ட் சண்டை இதற்கு நேர்மாறு. உறைந்த குடாவின் நடுவே ஒரு பாறைத்திட்டு. ஓதம் இறங்கிக் கடல்நீர் வடிந்ததால் பனிக்கட்டி அந்தப் பாறையிலிருந்து சரிவாக இறங்கி நிற்கிறது. திட்டின் மேல் இருந்தவர்களுக்கு அது கோட்டை. ஏறவருபவர்கள் வழுக்கி வழுக்கி விழுகிறார்கள். கடைசியில் ஏறிவிடுகிறார்கள், இரு தரப்பும் சின்னாபின்னம். சண்டை முடிந்து காயம்பட்டவர்களை ஸ்நோரி என்ற தலைவரின் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். தொரொத் என்பவனின் ஈரக் கால்சட்டையைக் கழற்ற ஒருவன் இழுக்கிறான், வரவில்லை. “இவ்வளவு இறுக்கமாகத் தைத்துப் போட்டுக்கொண்டால் எப்படிக் கழற்றுவது” என்று அவன் கேலி பேசுகிறான். ஸ்நோரி வந்து தடவிப் பார்த்தால், காலின் பின்நரம்புக்கும் எலும்புக்கும் நடுவே ஈட்டிமுனை குத்தி, கால்சட்டையையும் காலையும் சேர்த்துத் தைத்திருக்கிறது. குளிரில் மரத்துப்போன உடம்பும், ஈரத்தில் ஊறிய கம்பளியும், உறைந்த ரத்தமும் சேர்ந்தால் காயம் எங்கே என்பதைக்கூடத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

அடுத்து பனிச்சறுக்குப் பலகை, அதாவது ஸ்கீ. நார்வேயில் டிகர்வார்டன் மலையில் உருகிய பனியிலிருந்து 2014இல் ஒரு மரப்பலகையும் 2021இல் அதன் ஜோடியும் வெளிவந்தன. கிட்டத்தட்ட 1,300 வயது. வைக்கிங் யுகம் தொடங்குவதற்குச் சற்று முந்தியவை. 187 சென்டிமீட்டர் நீளம், நன்றாகத் தேய்ந்தும் பழுதுபார்த்தும் இருக்கின்றன. கால் வைக்கும் இடத்தில் முறுக்கிய பிர்ச் கிளையும் தோல்வாரும். அந்த மக்களுக்கு உல், ஸ்காதி என்று பனிச்சறுக்கும் வில்வேட்டையும் சேர்ந்த தெய்வங்களே இருந்தன. ஆனால் ஸ்கீ அணிந்த பெரும்படை ஒன்று வைக்கிங் யுகத்தில் போருக்குப் போனதாகச் சான்று கிடையாது. அது வேட்டைக்காரனின் கருவி. வடக்கே வாழும் சாமி (Sámi) என்ற பழங்குடி மக்களிடம் குளிர்காலத்தில் மென்மயிர்த்தோல் கப்பம் வசூலிக்கப் போகிறவனுக்கும் உதவியது. தெளிவான போர்ப் பயன்பாடு நார்வேயின் உள்நாட்டுப் போர்க்காலத்தில்தான் வருகிறது: 1200இல் ஆஸ்லோ அருகே நடந்த சண்டைக்கு முன் மன்னர் ஸ்வெர்ரே ஸ்கீ அணிந்த ஒற்றர்களை வேவு பார்க்க அனுப்பினார். 1206இல் அவருடைய பேரக்குழந்தை ஹோகோனை எதிரிகளிடமிருந்து காப்பாற்ற இரண்டு வீரர்கள் லில்லிஹாமர் பகுதியிலிருந்து மலையைக் கடந்து ஸ்கீயில் தூக்கிச் சென்றார்கள். 1217இல் அந்தக் குழந்தை அரசனானது. இன்றும் அதே மலையில் 54 கிலோமீட்டர் ஸ்கீ ஓட்டப்பந்தயம் நடக்கிறது. குழந்தையின் நினைவாக ஒவ்வொருவரும் 3.5 கிலோ மூட்டை சுமக்கவேண்டும். அருமையான கதை, ஆனால் இதை வைக்கிங்குகளின் கணக்கில் எழுதுவது சரியில்லை. வைக்கிங் யுகம் முடிந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

உடை விஷயத்திலும் திரைப்படங்கள் நம்மை ஏமாற்றுகின்றன. தோல் போர்வையைவிடக் கம்பளிதான் வைக்கிங்கைக் காப்பாற்றியது. நனைந்தாலும் ஓரளவு சூடு தாங்குவது கம்பளியின் குணம்; கடலோரக் குளிருக்கு அதைவிடச் சிறந்தது எதுவும் அன்று இல்லை. உள்ளே லினன் அல்லது மெல்லிய கம்பளி, மேலே கனத்த கம்பளிச் சட்டை, முழங்காலுக்குக் கீழே சுற்றிய கம்பளிப் பட்டை, அதற்கு மேல் மேலங்கி. பின்னல் வேலை தெரியாத காலம். யார்க்கில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டுக் காலுறை, ஒற்றை ஊசியால் முடிச்சு முடிச்சாகக் கோத்துச் செய்தது. காலணி மெல்லிய தோல்தான். நனைந்த தோல் காலணியோடு ஈரச் சேற்றில் நாள் முழுக்க நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால், இவர்கள் இங்கிலாந்தில் இறங்கியதும் முதல் வேலையாகக் குதிரை கேட்டது ஏன் என்று புரியும்.

இங்கிலாந்திலும் பிரான்சிலும் அவர்கள் சந்தித்தது முழங்கால் ஆழப் பனியை அல்ல. மழை, சேறு, வெள்ளம், எட்டு மணி நேரப் பகல். இந்தக் குளிர்காலத்தில் ஒரு படை உயிரோடு இருக்கவேண்டுமானால் கூரையும் சோறும் விறகும் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை வந்து போகும் கொள்ளைக்கு இவை தேவைப்படவில்லை. 840களில் நிலைமை மாறியது. 841இல் அயர்லாந்தின் டப்ளினில் கப்பல்களுக்கென்று கோட்டைக்காவல் அமைத்து அவர்கள் தங்கினார்கள். 843இல் பிரான்சின் லோவார் ஆற்று முகத்தில் நுவார்முத்தியே தீவில் வீடு கட்டிக் குளிர்காலம் கழித்தார்கள். இங்கிலாந்தில் 850 குளிர்காலத்தைத் தானெட் தீவில் கழித்தார்கள். “புறச்சமயத்தார் முதன்முறையாக இங்கே குளிர்காலம் தங்கினார்கள்” என்று ஆண்டுக்குறிப்பு அதைத் தனியாகப் பதிவு செய்கிறது. எழுதிய துறவிக்கு அதன் பொருள் விளங்கியிருக்கிறது. ஊருக்கு இனி அக்டோபரில் ஓய்வு கிடைக்காது.

865 இலையுதிர்காலத்தில் கிழக்கு ஆங்கிலியாவில் இறங்கிய பெரும்படை இந்த முறையை ஒரு கலையாகவே ஆக்கியது. அந்த ஊர்க்காரர்களோடு சமாதானம் பேசிக் குதிரைகளை வாங்கிக்கொண்டது. அதன்பின் ஆண்டுதோறும் ஒரே தாளம்: அறுவடை முடிந்து தானியம் உள்ளே போன பிறகு புதிய இடத்தைப் பிடிப்பது, அங்கேயே குளிர்காலத்தைக் கழிப்பது, அந்த ஊர் காலியானதும் அடுத்த இலையுதிர்காலத்தில் வேறு இடம். 866 நவம்பர் 1 அன்று யார்க். அடுத்த குளிர்காலம் நாட்டிங்ஹாம், பின் மறுபடி யார்க், தெட்ஃபோர்ட், ரெடிங், லண்டன், டோர்க்சி, 873இல் ரெப்டன். பட்டியலைப் பாருங்கள்: அரசரின் பண்ணையோ, பணக்கார மடமோ, ஆற்றங்கரை வணிகத்தலமோ இல்லாத இடம் எதுவும் இல்லை. எல்லாமே அந்தப் பகுதியின் வரியும் தானியமும் ஏற்கெனவே ஒன்றுசேர்க்கப்பட்டிருந்த இடங்கள். நவம்பர் மாதம் மாடு பன்றிகளை வெட்டி உப்பிடும் மாதம். குளிர்காலம் முழுக்கத் தீவனம் போடமுடியாத கால்நடைகளை அப்போதே அறுத்துவிடுவார்கள். தானியம், உப்பிட்ட இறைச்சி, வெண்ணெய், பீர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நாட்கள் அவை. ஆகஸ்டில் போய் ஒவ்வொரு வயலாக அலைவதைவிட நவம்பரில் ஒரு களஞ்சியத்தைப் பிடிப்பது எவ்வளவோ லாபம்.

டோர்க்சி முகாம் எப்படி இருந்தது என்று இப்போது நன்றாகவே தெரிகிறது. ட்ரெண்ட் ஆற்றங்கரையில் ஒரு மேட்டு நிலம், சுற்றிலும் சதுப்பு. குளிர்கால வெள்ளத்தில் அது ஏறக்குறைய தீவாகிவிடும். அரண் கட்டும் வேலையை ஆறே செய்துகொடுத்தது. சுமார் 55 ஹெக்டேர் பரப்பு. அன்றைய ஆங்கிலேய ஊர்கள் பலவற்றைவிடப் பெரிது. உலோகம் கண்டறியும் கருவியோடு அலைந்தவர்களும் ஆய்வாளர்களும் அங்கே எடுத்தவற்றில் துண்டுதுண்டாக வெட்டிய வெள்ளி, எடைக்கற்கள், அரபு நாட்டு வெள்ளிக்காசுத் துண்டுகள், உலோகத்தை உருக்கிய தடயங்கள், நூற்றுக்கணக்கான ஈய ஆட்டக்காய்கள் எல்லாம் உண்டு. அந்த ஆட்டக்காய்கள்தான் என்னைக் கவர்ந்தவை. குளிர்காலத்தில் படைக்கு முதல் எதிரி சலிப்பு. நீண்ட இரவுகளில் ஆயிரக்கணக்கான ஆயுதம் தாங்கிய ஆண்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன நடக்கும் என்று தலைவர்களுக்குத் தெரியாதா? விளையாட்டு, வியாபாரம், கைத்தொழில் எல்லாம் சேர்ந்து அந்தப் பாசறை ஒரு தற்காலிக நகரமாக இருந்திருக்கிறது.

அடுத்த குளிர்காலம் ரெப்டனில். மத்திய இங்கிலாந்தில் இருந்த மெர்சியா அரசின் மன்னர்களைப் புதைத்த புனித இடம் அது. அங்கிருந்த தேவாலயத்தையே ஒரு வாயில் கோபுரம்போல் வைத்து, இரு பக்கமும் அகழி வெட்டி ஆற்றோடு சேர்த்தார்கள். அருகே ஒரு மண்டபத்தில் குறைந்தது 264 பேரின் எலும்புகள் குவித்து வைக்கப்பட்டிருந்தன. ஐந்தில் ஒரு பங்கு பெண்களுடையவை. அதே 873–74 குளிர்காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் ரைன் ஆறு உறைந்தது; நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை பனி விடாமல் பெய்தது என்று ஃபுல்டா ஆண்டுக்குறிப்பு எழுதுகிறது. அப்படிப்பட்ட குளிரில் வெட்டவெளியில் இருந்த படையை நினைத்துப் பாருங்கள்; அரச மடத்துக்குள் இருந்த படையையும் நினைத்துப் பாருங்கள். மெர்சியா மன்னர் பர்கிரெட் அந்தக் குளிர்காலத்தில் நாட்டைவிட்டே ஓடி ரோமாபுரியில் போய் இறந்தார்.

முகாமில் உட்கார்ந்திருந்தால் எதிரி சும்மா விடுவானா? 870 இறுதியில் ரெடிங்கில் தங்கிய மூன்றாம் நாளே, தானியம் தேடிப்போன ஒரு பிரிவை எங்கல்ஃபீல்டில் உள்ளூர்ப் படை மடக்கி அடித்தது. டிசம்பர் 31 அது. நான்கு நாள் கழித்து, தெற்கு இங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டு மன்னர் எதெல்ரெடும் தம்பி ஆல்ஃபிரெடும் ரெடிங் முகாமையே தாக்கினார்கள். வைக்கிங்குகள் கதவைத் திறந்துகொண்டு ஓநாய்களைப்போல் பாய்ந்து வந்து விரட்டினார்கள். ஜனவரி 8இல் ஆஷ்டவுனில் வைக்கிங்குகளுக்குத் தோல்வி. ஜனவரி 22இல் பேசிங்கில் அவர்களுக்கு வெற்றி. நான்கு வாரத்துக்குள் நான்கு சண்டை, அதுவும் ஆண்டின் மிகக் குறுகிய பகல்களில். தோற்ற சண்டைக்குப் பிறகு வைக்கிங்குகளுக்கு ஓடிவந்து நுழைய ஒரு கோட்டை இருந்தது. உள்ளே சோறு இருந்தது. வெசெக்ஸ் உழவர் படைக்கு அப்படி எதுவும் இல்லை. வென்றாலும் வீட்டுக்குத்தான் போகவேண்டும்.

878 ஜனவரியில் நடந்தது இந்தக் கலையின் உச்சம். குத்ரும் என்ற தலைவன் முந்தைய ஆண்டு சமாதானம் பேசி, பிணையாளிகள் கொடுத்து, மெர்சியா பக்கம் போய்விட்டான். அண்ணனுக்குப் பின் மன்னராகியிருந்த ஆல்ஃபிரெட் படையைக் கலைத்தார். கிறிஸ்துமஸ் பன்னிரண்டு நாள் விழா முடிந்த கையோடு, “நடுக்குளிரில், பன்னிரண்டாம் இரவுக்குப் பின், படை திருட்டுத்தனமாகச் சிப்பன்ஹாமுக்கு வந்தது” என்கிறது ஆண்டுக்குறிப்பு. சிப்பன்ஹாம் அரச பண்ணை; குளிர்காலச் சேமிப்பு அங்கே. பின்னாளில் ஆல்ஃபிரெட் இயற்றிய சட்டத்தில் சுதந்திர மனிதர்களுக்குக் கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு நாள் விடுமுறை என்று இருக்கிறது. அந்த நாட்களில் ஊரே சாப்பிட்டுக் குடித்துக் களைத்திருக்கும், மன்னரைச் சுற்றிச் சில பேரே இருப்பார்கள் என்பது குத்ருமுக்குத் தெரியும். ஒரு பெரிய சண்டைகூட இல்லாமல் வெசெக்ஸின் பெரும்பகுதி கையை விட்டுப் போயிற்று. ஆல்ஃபிரெட் சதுப்புக்காடுகளில் ஒளிந்து, ஏப்ரலுக்கு முன் அதெல்னியில் ஒரு சிறு அரண் கட்டி, மே மாதம் எடிங்டனில் வென்று மீண்டார்.

விருந்து நாளில் தாக்குவது தற்செயல் இல்லை என்பதற்குக் கடலுக்கு அப்பால் ஐரோப்பியக் கண்டத்திலும் சான்று உண்டு. 881 நவம்பரில் மாஸ் ஆற்றங்கரையில் முகாமிட்ட படை அந்தக் குளிர்காலத்திலேயே லியேஜ், மாஸ்ட்ரிக்ட், கொலோன், பான் ஊர்களை எரித்தது. ஆகென் நகரில் சார்லமேன் கட்டிய தேவாலயத்தைக் குதிரை லாயமாக்கியது. 882 ஜனவரி 6, மூவரசர் திருநாளன்று பிரூம் மடத்துக்குள் நுழைந்து மூன்று நாள் தங்கிக் கொள்ளையடித்தது. சுற்றுவட்டாரக் குடியானவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். அவர்களை மாட்டை அறுப்பதுபோல் அறுத்தார்கள் என்று அதே மடத்துக்குப் பிற்பாடு தலைவராக வந்த ரெகினோ எழுதிவைத்திருக்கிறார்.

பாரிஸ் முற்றுகை 885 நவம்பரில் தொடங்கி ஒரு முழு ஆண்டு நீடித்தது. 886 பிப்ரவரி 6 இரவு சேன் ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அக்கரைக் கோபுரத்தில் பன்னிரண்டு பேர் துண்டிக்கப்பட்டார்கள். நாள் முழுக்க எதிர்த்து நின்று மடிந்தார்கள். வைக்கிங்குகள் செய்யமுடியாததைக் குளிர்கால ஆறு செய்துகொடுத்தது. ஆனாலும் நகரம் விழவில்லை. கடைசியில் பெருமன்னர் சார்லஸ் வந்தார், போரிடவில்லை. 700 பவுண்டு வெள்ளி தருவதாக ஒப்புக்கொண்டு, அதுவரை பர்கண்டியில் போய்க் குளிர்காலம் கழிக்கலாம் என்று அனுமதியும் கொடுத்தார். அதாவது, தன் நாட்டின் ஒரு பகுதியின் களஞ்சியத்தையே எழுதிக்கொடுத்தார். பாரிஸ்காரர்களுக்கு வந்த கோபத்தில் கப்பல்களைத் தங்கள் பாலத்தைத் தாண்ட விடவில்லை. வைக்கிங்குகள் கப்பல்களைத் தரையில் இழுத்துக்கொண்டு போய் மேலே ஆற்றில் இறக்கினார்கள்.

கிழக்கே கீவ் நகரத்தில் ஆண்ட, ஸ்காண்டிநேவிய வழிவந்த ரூஸ் தலைவர்கள் இதையே அரசாங்க முறையாக்கிவிட்டார்கள். பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் 10ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதுகிறார்: நவம்பர் பிறந்ததும் தலைவர்கள் எல்லோரும் கீவை விட்டுப் புறப்பட்டு, தங்களுக்குக் கப்பம் கட்டும் ஸ்லாவ் மக்களிடம் சுற்றுப்பயணம் போவார்கள், குளிர்காலம் முழுக்க அங்கேயே சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிட்டு, ஏப்ரலில் தினீப்பர் ஆற்றுப் பனி உடைந்ததும் திரும்புவார்கள். படைக்குச் சோறு கொண்டுபோவதற்குப் பதில், சோறு இருக்கும் இடத்துக்குப் படையைக் கொண்டுபோவது. எல்லை மீறினால் ஆபத்து: 945இல் மன்னர் இகோர் ட்ரெவ்லியர்களிடம் ஒருமுறை வசூலித்துவிட்டு மறுபடியும் வசூலிக்கத் திரும்பிப் போனார்; அவர்கள் கொன்றுவிட்டார்கள்.

அவருடைய மகன் ஸ்வியாத்தஸ்லாவுக்கு நேர்ந்தது, களஞ்சியம் இல்லாத குளிர்காலம் எப்படி இருக்கும் என்பதற்குச் சரியான பாடம். 971இல் பைசாந்தியத்திடம் தோற்று, சமாதானம் பேசித் திரும்பிக்கொண்டிருந்தார். தினீப்பரின் அருவிகளில் பெச்செனெக் நாடோடிகள் காத்திருக்கிறார்கள், குதிரையில் சுற்றிப் போவோம் என்றார் மூத்த தளபதி ஸ்வெனெல்ட். ஸ்வியாத்தஸ்லாவ் கேட்கவில்லை, படகில் வந்தார். வழி மூடியிருந்தது. ஆற்றுமுகத்துக்கு அருகே வெள்ளைக்கரை என்ற இடத்தில் குளிர்காலம் தங்கவேண்டியதாயிற்று. அங்கே சூறையாட ஊரும் கிடையாது, வசூலிக்கக் குடியும் கிடையாது. ஒரு குதிரைத் தலை அரை கிரிவ்னா (அக்கால எடை அளவு) வெள்ளிக்கு விற்றது என்று ரூஸ் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. குதிரைத் தலையில் எவ்வளவு இறைச்சி இருக்கும்? படையிடம் வெள்ளி இருந்திருக்கிறது, தின்ன ஒன்றும் இல்லை. 972 வசந்தத்தில் மெலிந்துபோன அந்தப் படை அருவிகளை நோக்கிப் போனது. பெச்செனெக்குகள் அவரைக் கொன்று, மண்டையோட்டில் குடிகலம் செய்துகொண்டார்கள்.

இந்தப் பலவீனத்தைச் சரியாகக் கணக்குப் போட்டவர் ஆல்ஃபிரெட். சிப்பன்ஹாம் அடி அவருக்கு மறக்கவில்லை. நாடெங்கும் அரண்சூழ்ந்த ஊர்களை அமைத்தார். பிற்காலப் பட்டியல் ஒன்று இத்தகைய 33 ஊர்களின் பெயரைத் தருகிறது. தானியம் இனி மதில் இல்லாத பண்ணையில் கிடக்காது. படையை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேர் வீட்டில், பாதிப் பேர் களத்தில் என்று சுழற்சி முறை கொண்டுவந்தார். 893 குளிர்கால விளிம்பில் ஒரு வைக்கிங் படை பகல் இரவாக ஓடி, பாழடைந்து கிடந்த செஸ்டர் கோட்டைக்குள் நுழைந்துவிட்டது. துரத்தி வந்த ஆங்கிலேயர்கள் கோட்டையின்மேல் ஏறிச் சாகவில்லை. இரண்டு நாள் சுற்றி நின்றார்கள். வெளியே இருந்த மாடுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டார்கள். தானியத்தை எரித்தார்கள், மிச்சத்தைத் தங்கள் குதிரைகளுக்கு மேயவிட்டார்கள். பிறகு திரும்பிப் போய்விட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு மதில் இருந்தது, கூரை இருந்தது, சோறு இல்லை. வேல்ஸ் பக்கம் தேடிக்கொண்டு வெளியேற வேண்டியதாயிற்று. 896இல் அந்தப் படை கலைந்தது. கையில் காசு இல்லாதவர்கள் கப்பல் தேடிச் சேன் ஆற்றுக்குப் போனார்கள்.

ஒரு நூற்றாண்டு கழித்து, அந்த ஏற்பாடெல்லாம் தளர்ந்துபோன காலத்தில், பழைய முறை அப்படியே திரும்பி வந்தது. 1006 நவம்பரில் டேனியப் படை வைட் தீவில் இறங்கியது. கிறிஸ்துமஸ் நெருங்கியதும் “தங்களுக்கென்று தயாராக இருந்த விருந்துக்கு” ஹாம்ப்ஷயர் வழியாகப் புறப்பட்டது என்று ஆண்டுக்குறிப்பை எழுதியவர் கசப்போடு எழுதுகிறார். ரெடிங்கை எரித்தது, வாலிங்ஃபோர்டை எரித்தது. போகிற வழியெல்லாம் ஊர்கள் எரிவதை “அவர்களுடைய தீபங்கள்” என்கிறார். குவிச்செல்ம் மேடு என்ற இடத்துக்கு அந்தப் படை போனால் கடலுக்கு உயிரோடு திரும்பாது என்று ஆங்கிலேயர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வேண்டுமென்றே அங்கே போய்க் காத்திருந்துவிட்டு, யாரும் வராததால் வேறு வழியாகத் திரும்பியது. வின்செஸ்டர் நகரத்தார் மதிலின் மேல் நின்று, தங்கள் வாசலைக் கடந்து உணவும் பொருளும் போவதைப் பார்த்தார்கள். கடலிலிருந்து ஐம்பது மைலுக்கு மேல் உள்ளே போய் எடுத்தவை அவை. அன்றைய மன்னர் எதெல்ரெட் (ஆல்ஃபிரெட்டின் அண்ணன் அல்ல, அதே பெயருள்ள பிற்கால மன்னர்) அப்போது தேம்ஸுக்கு அப்பால், ஷ்ராப்ஷயரில் கிறிஸ்துமஸ் விருந்தில் இருந்தார். 1007இல் 36,000 பவுண்டு கொடுத்துச் சமாதானம் வாங்கினார்கள். பணம் கைக்கு வரும்வரை அந்தப் படைக்கு வேண்டிய சாப்பாடும் இங்கிலாந்து முழுவதிலிருந்தும் திரட்டி அனுப்பப்பட்டது.